பூவாயியின் முந்நூற்றுப் பத்து விருந்தாளிகள்

ரப்பர் விலை விழுந்த வருஷம், ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை, மூக்கன்துரை தோட்டத்து ஆறாம் லயத்தில் பூவாயி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது, அவள் பால் வெட்டும் முந்நூற்றுப் பத்து மரங்களும் கூழ் குடிக்க வந்தன. எப்படி வந்தன, ஏன் வந்தன என்று கேட்கிறவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். வந்தன. நான் பக்கத்து வீடு. பார்த்தேன்.

என் பெயர் அம்மாசி. தோட்டத்தில் அவளுக்கு அடுத்த நிரை என்னுடையது. நிரை என்றால் ஓர் ஆள் ஒரு காலையில் வெட்டி முடிக்கிற மரங்கள். எனக்கு முந்நூறு. அவளுக்கு முந்நூற்றுப் பத்து. அந்த உபரிப் பத்தும் சதுப்பு ஓரத்தில் நின்றன. அட்டை கடிக்கும், எனக்கு வேண்டாம் என்று கங்காணியிடம் சொன்னவன் நான்தான். சரியென்று அவற்றை அவளுக்குக் கொடுத்தார்கள். மறுமாதமே அந்தப் பத்தில் அவள் கால் வாளிப் பால் எடுத்தாள். அன்றைக்குப் பிடித்த எரிச்சல் எனக்கு.

பதினெட்டு வருஷம் வெட்டியவன் நான். என் உளி அவள் உளியைவிடக் கூர்மை, என் கை அவள் கையைவிட வேகம், அவள் நூறாவது மரத்தில் நிற்கும்போது நான் இருநூறைத் தாண்டியிருப்பேன், ஆனாலும் ஸ்டோரில் பால் நிறுக்கிற இடத்தில் என் வாளி முக்காலில் நிற்கும், அவள் வாளி தளும்பும், கங்காணி என்னைப் பார்ப்பான், நான் வானத்தைப் பார்ப்பேன், மறுநாள் இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டுவேன், பட்டை தாண்டி உள்கட்டையில் உளி பாயும், காயம் பட்ட இடத்தில் மரம் முடிச்சுப் போட்டுக்கொள்ளும், அடுத்த தடவை அங்கே பால் வராது. இப்படியே என் முந்நூறு மரமும் அம்மை வார்த்த முகமாக ஆயின. அவள் மரங்கள் வழவழவென்று நின்றன. அவள் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுவிட்டுத்தான் உளி வைப்பாள். பைத்தியம் என்று நினைத்தேன்.

அவள் புருஷன் சதுப்புக் காய்ச்சலில் செத்துப் பல வருஷம் ஆகிறது. சேலத்துப் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் அவனோடு கப்பலேறி வந்தவள். பிறந்த வீடு என்று சொல்ல ஆள் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தில் பிறந்த வீட்டுக் கோடி போட அண்ணன் தம்பி வேண்டுமே. என் பெண்சாதி செங்காயி என்னை இடித்து இடித்து அனுப்பினாள். நான் போய்க் கோடிச் சேலை போட்டேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணன் முறை. வாய் நிறைய அண்ணே என்பாள். அதுவும் எரிச்சல்தான்.

பிறகு விலை விழுந்தது. முதலில் ஞாயிற்றுக்கிழமை வேலை நின்றது, பிறகு கூலி பாதியானது, பிறகு அரிசி பாதியானது, பிறகு பக்கத்துத் தோட்டங்களில் மரங்களைப் பால் வெட்டாமல் சும்மா விட்டார்கள், சும்மா நின்ற மரங்களுக்குள் லாலாங் புல் ஆள் உயரம் வளர்ந்தது, பிறகு ஊருக்குக் கப்பல் இனாம் என்று சொன்னார்கள். எங்களைக் கூட்டி வந்தபோது கங்காணி ஊர் ஊராகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தான். அனுப்பும்போது வெற்றிலை கிடையாது. பெயரை வாசித்தார்கள், லாரியில் ஏற்றினார்கள், பினாங்கு, நாகப்பட்டினம். அவ்வளவுதான்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் ஒரு நாள் கங்காணி பெத்தான் சொன்னான்: "அம்மாசி, பூவாயி. ஒங்க ரெண்டு நிரைக்கும் இனிமே ஒரு ஆளுதான். ஒருத்தரு இருக்கலாம். ஒருத்தருக்குக் கப்பலு."

"யாருக்கு?" என்றேன்.

"பூவாயிக்கு. தனிக்கட்டை. எங்க இருந்தா என்ன?"

அவள் சத்தம் போடவில்லை. "அங்க போயி யாரு வாசல்ல நிக்கிறது அண்ணே?" என்று என்னிடம்தான் கேட்டாள். "நின்னாலும், யாரு நீன்னு கேப்பாங்களே."

எனக்கும் ஊரில் ஒரு தம்பி இருந்தான், என் பங்கு நிலத்தையும் சேர்த்து உழுதுகொண்டு. நான் போய் இறங்கினால் அவன் அரிவாளோடு நிற்பான். நானும் நிற்பேன். யாராவது ஒருவன் சாவான். ஆக, கப்பல் அவளுக்கு என்றதும் எனக்கு மூச்சு வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

போகும் முன் அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டுப் போகிறேன் என்றாள். பழைய வேண்டுதல். லயத்தில் வீடு வீடாகப் போய் அழைத்தாள். எல்லோரும் சரி என்றார்கள், ஒருவரும் வருவதாக இல்லை. கூழ் ஊற்றுகிற வீட்டுக்குக் கைப்பிடி தானியமாவது கொண்டு போக வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது? வெறுங்கையோடு போக வெட்கம். அது அவளுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை விடியலில் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போனாள். நான் அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்தேன். மரம் மரமாகப் பொட்டு வைத்து, கும்பிட்டு, "மத்தியானம் கூழு ஊத்துறேன், நீங்கல்லாம் வந்திரணும்," என்று ஒரே வார்த்தையை முந்நூற்றுப் பத்து தடவை, ஒரு தடவைகூட அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

"ஏ பூவாயி, மரத்தையா கூப்பிடுற?"

"எனக்கு வேற யாரு அண்ணே இருக்கா? நாலு தடவ கூப்பிட்டிருக்கேன். எங்க ஊட்டுக்காரரு காரியத்துக்குக் கூப்பிட்டேன். கொழந்த பொறந்ததுக்குக் கூப்பிட்டேன், அது போனதுக்கும் கூப்பிட்டேன். போன ஆடிக்குக் கூப்பிட்டேன். வரல. அவங்களுக்கு என்ன வேலையோ."

மத்தியானம் வந்தார்கள்.

நிரையில் நிற்கிற வரிசை மாறாமல், முதல் மரம் முதலாகவும் சதுப்பு ஓரத்துக் கடைசி மரம் கடைசியாகவும், வேர்களைப் பெண்கள் ஈரத் தரையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி சற்றே தூக்கிக்கொண்டு, இடுப்பில் கட்டிய, பால் பிடிக்கும் தகரக் கிண்ணமான மங்கு ஆட, நெற்றியில் குங்குமத்தோடு, பேச்சில்லாமல், பெரட்டுக் களத்தைத் தாண்டி, ஸ்டோரைத் தாண்டி, ஆறாம் லயத்து வாசலுக்கு வந்து நின்றார்கள். பூவாயி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வாங்க வாங்க," என்றாள். மங்குகளைக் கழுவினாள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி கூழ் ஊற்றினாள். கூழ் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. அதையும் ஏன் என்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் ஆனது. விருந்தாளிகள் போகவில்லை.

எப்படிப் போவார்கள்? வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்பினால்தானே போவார்கள். தோட்டத்துக் கடைக்கு வெற்றிலை வருவது நின்று ஒரு மாதம். வெறுங்கையால் கும்பிட்டுப் போயிட்டு வாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லவில்லை. அவர்களும் முறை தெரிந்தவர்கள். நின்றார்கள்.

மூன்று நாளில் லயம் பழகிவிட்டது. நிழல் விழுந்தது, தகரக் கூரை சுடுவது நின்றது. ரப்பர்க் காய் வெடித்துக் கூரையில் விழும்போது குழந்தைகள் முதலில் அழுதன, பிறகு தூங்கின. துணி காயப் போடப் பெண்கள் கிளையைத் தொடுமுன் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு வருகிறவள், "செத்த நகருங்க," என்றால் மரம் நகர்ந்து வழிவிட்டது. ஆண்கள் லயத்துக்குப் பின்புறம் ஒதுங்குவதை விட்டு ஆற்றங்கரைக்குப் போகத் தொடங்கினார்கள். அவ்வளவு பேர் விருந்துக்கு வந்திருக்கும்போது மரியாதை வேண்டுமே. மீன் விற்க வந்த சீனன் ஒரு மரத்தில் சைக்கிளைச் சாய்த்தான், திரும்பிப் பார்த்தான், மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையைக் குனிந்து எடுத்துக்கொண்டான்.

எந்த மரம் அவளுக்கு என்ன உறவு என்று முறை வைப்பதில்தான் சண்டை.

"குட்டையா, மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கிறது யாரு?"

"அது அவளுக்கு நாத்தனா. தெரியல? மூணு நாளா வாசல அடைச்சுக்கிட்டு நிக்குது."

"அப்ப அந்த வளைஞ்சது?"

"பெரிய மாமனாரு. கள்ளுக்கடைப் பக்கமே சாஞ்சிருக்காரு பாரு."

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தம்பையா, யாழ்ப்பாணத்துக்காரர், குடையைப் பிடித்துக்கொண்டு வந்து மரங்களுக்குள் நடந்து பார்த்தார். "இதுகளும் எங்களை மாதிரிச் சனம்தான் கண்டியோ," என்றார். "இந்த நாட்டு மரமில்லை. எங்கேயோ கடலுக்கு அங்காலை இருந்து விதையாய்க் கப்பலிலை வந்ததுகள்." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்குக் காதில் ஏறவில்லை. நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூவாயி வாசற்படியில் உட்கார்ந்தபடி பால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மரமாக முன்னால் வந்து நிற்கும், அவள் வெட்டுவாள், அது விலகும், அடுத்தது வரும். நான் இருட்டோடு எழுந்து, பனியில் நனைந்து, அட்டை பிடுங்கி, மேடு பள்ளம் ஏறி இறங்கி முக்கால் வாளியோடு திரும்பும்போது, அவள் இரண்டு வாளி நிறைய வைத்துவிட்டுத் தலை சீவிக்கொண்டிருப்பாள். "அண்ணே, ரொம்ப அலைச்சலா?" என்பாள். அவள் அன்பாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

சும்மா இருந்தேனா? இல்லை. நானும் குங்குமம் எடுத்துக்கொண்டு போனேன். லயமே போனது. கங்காணி பெண்சாதி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. நான் முந்நூறுக்கும் பொட்டு வைத்தேன், முந்நூறையும் அழைத்தேன், பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி மளமளவென்று. பொட்டு நேராக உட்காரவில்லை; எங்கே தொட்டாலும் முடிச்சு, நான் போட்ட முடிச்சு. வீட்டுக்கு வந்து வாசலில் காத்திருந்தேன். செங்காயி கூழோடு நின்றாள். பொழுது சாய்ந்தது. தூரத்தில் என் நிரையில் ஒரு காய் படாரென்று வெடித்தது. சிரிக்கிற மாதிரி இருந்தது.

ஏழாம் நாள் துரை வந்தார். வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், கங்காணியிடம் இரண்டு வார்த்தை சொன்னார், போனார்.

"பூவாயி இருக்கட்டும்," என்றான் பெத்தான். "அவ கப்பலேறினா இதுங்களும் பின்னாடியே ஏறிரும்னு தொரை பயப்படுறாரு. அம்மாசி, நீ தயாராயிக்க. அடுத்த திங்கக்கெழமை."

பதினெட்டு வருஷம். மரம் வந்து ஒருத்தி வாசலில் நின்றது, என் பதினெட்டு வருஷம் போயிற்று.

மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிப் பெரட்டுக்குப் போகவில்லை. ஆற்றோரக் கம்பத்தில், மலாய்க்காரர்கள் கிராமத்தில், வெற்றிலை விற்கிற ஒரு மலாய்க் கிழவி இருந்தாள். என் வெள்ளி அரைஞாணை அவிழ்த்துக் கொடுத்தேன். முந்நூற்றுப் பத்து வெற்றிலை எண்ணிக் கொடுத்தாள், பாக்கும் கொடுத்தாள். ஈரச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மைல் நடந்து வந்தேன். வழியெல்லாம் என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் நினைப்பு. கை என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை.

வந்தபோது முற்பகல். லயம் காலி. எல்லோரும் ஸ்டோரில் பால் நிறுக்கப் போயிருந்தார்கள், பூவாயியும். செங்காயி மட்டும் வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறீங்க?"

"விருந்தாளிய வழியனுப்புறேன்."

"அது அவ விருந்தாளி."

"நான் அவளுக்கு அண்ணன் மொற. கோடி போட்டவன். எனக்கு உரிமை இருக்கு."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் முறையாகத்தான் செய்தேன். முதல் மரத்துக்கு முன்னால் நின்று, வெற்றிலையில் பாக்கு வைத்து, இரண்டு கையாலும் மங்கில் இட்டு, அழிந்திருந்த பொட்டை மறுபடி வைத்து, கும்பிட்டு, "எங்க தங்கச்சி ஊட்டுக்கு வந்து பெருமைப்படுத்துனீங்க, போயிட்டு வாங்க," என்றேன். மரம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வேரைத் தூக்கிக்கொண்டு நடந்தது. இரண்டாவது. மூன்றாவது. என் மரங்களிடம் ஒரு நாளும் இல்லாத பொறுமை அன்றைக்கு எனக்கு எங்கிருந்தோ வந்தது. பொறாமைக்கு அத்தனை பொறுமை இருக்கிறது.

களத்து முனையில் வலப்பக்கம் திரும்பினால் நிரை. இடப்பக்கம் திரும்பினால் ஆற்றுச் சாலை, அதன் முடிவில் கடல். அவை வலப்பக்கம் திரும்பும், பழைய இடத்தில் போய் நிற்கும், மரம் நிரையில் நின்றால் துரையின் பயம் போகும், பூவாயிக்கு மறுபடி கப்பல், எனக்கு இரண்டு நிரை. நான் போட்டது அந்தக் கணக்கு.

இடப்பக்கம் திரும்பின.

விருந்தாளி வீட்டுக்குத்தானே போவான். நிரை அவற்றுக்கு வீடு என்று நானாக நினைத்துக்கொண்டேன். நாங்கள் படுத்துத் தூங்கிய லயம் எங்களுக்கு வீடா? கிராணி சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. ஆனால் வெற்றிலை கொடுத்தாகிவிட்டது. பாதியில் நிறுத்தினால் பாதிப் பேரை அவமானப்படுத்தியதாகும். கொடுத்துக்கொண்டே போனேன். சாக்கு காலியானது. சதுப்பு ஓரத்துக் கடைசி மரம், நான் வேண்டாமென்று தள்ளிய பத்தில் ஒன்று, மங்கை ஏந்திக்கொண்டு என் முன்னால் நின்றது. சாக்கை உதறினேன். மடியைத் தடவினேன்.

அப்போதுதான் வாயில் ருசி தெரிந்தது. வழியில், பழக்கதோஷத்தில், ஒரு வெற்றிலையை எடுத்து மென்றிருக்கிறேன்.

பூவாயி வாளியோடு வந்தாள். வாசலில் முந்நூற்று ஒன்பது வேர்க்குழிகள். ஒரு மரம். நான்.

"யாரு அனுப்பிச்சது?"

"நான்தான். அண்ணன் மொறைக்கு."

என் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் குங்குமம். "பாக்கு வச்சீங்களா?"

"வச்சேன்."

"கும்பிட்டீங்களா?"

"ஒவ்வொண்ணுக்கும்."

"அப்ப சரி," என்றாள். வாளியை இறக்கி வைத்தாள். மரத்தைக் காட்டி, "இவங்க ஏன் நிக்கிறாங்க?" என்றாள்.

"தெரியல."

அவள் என் வாயைப் பார்த்தாள். சிவந்திருந்தது.

காற்றில் விழுந்த மரங்கள் என்று துரை எழுதிக்கொண்டார். அவள் நிரையே இல்லை என்றான பிறகு, என் நிரைக்கு நான் ஒருவன் போதும், பூவாயிக்கு மறுபடி கப்பல். திங்கட்கிழமை லாரி வந்தது. பெயர் வாசித்தார்கள். பூவாயி ஒரு துணி மூட்டையோடு ஏறப் போனவள் திரும்பி வந்து, அந்தக் கடைசி மரத்தைத் தொட்டாள், உளி வைக்கும் முன் தொடுகிற மாதிரியே.

"இருங்க," என்றாள். "அண்ணன் குடுப்பாரு."

லாரி போயிற்று. அன்று சாயங்காலம் அந்த மரம் அவள் வாசலிலிருந்து நகர்ந்து என் வாசலுக்கு வந்து நின்றது.

மூன்று வருஷம் கழித்து விலை ஏறியது. மறுபடி ஆள் பிடித்தார்கள். அவளோடு கப்பலில் போன ஒருவன் திரும்பி வந்தான். பினாங்கைத் தாண்டி ஒரு நாள் ஓடியதும் கடலில் ஒரு காடு கண்டார்களாம், இடுப்பளவு தண்ணீரில், வரிசை குலையாமல், மங்குகள் மிதக்க. மேல்தட்டில் நின்ற பூவாயி, "சாப்பிட்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்டாளாம். காடு கப்பலோடு கொஞ்ச தூரம் கூடவே வந்ததாம். இதைச் சொன்னவன் சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கடலிலும் அவளுக்குத்தான்.

பிறகு சப்பான்காரன் வந்தான், போனான். வெள்ளைக்காரனும் போனான். மூக்கன்துரை தோட்டத்தை யார் யாரோ வாங்கினார்கள், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செங்காயி சாகும்வரை ஒரே பேச்சுத்தான்: "அந்த வெத்தலயக் குடுத்துத் தொலைங்களேன்." செம்பனைக்கு நடுவில் என் வாசலில் மட்டும் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. கிளையெல்லாம் இடப்பக்கம், ஆற்றுச் சாலைப் பக்கம். எத்தனையோ தடவை வெட்டிப் பார்த்தேன், மெதுவாக, பட்டை நோகாமல், தொட்டுவிட்டுத்தான். எனக்கு ஒரு சொட்டு வராது.

இப்போது கடையில் எப்போதும் வெற்றிலை கிடைக்கிறது. தினம் காலையில் ஒன்று வாங்கி வருகிறேன். பாக்கு வைக்கிறேன். மரத்தின் முன் நின்று இரண்டு கையாலும் நீட்டுகிறேன். அது துருப்பிடித்த மங்கை ஏந்துகிறது. கொடுத்தால் போய்விடும். போனால் அவளிடம்தான் போகும்.

கையை இழுத்துக்கொள்கிறேன். வெற்றிலையை மடித்து என் வாயில் போட்டு மென்றுவிடுகிறேன்.